முதுகு தரையில் பட்டா ஆட்டம் முடிஞ்சதா? வேலூர் - ஆம்பூர் பசங்களுக்கு ஒரு ஜூ-ஜிட்சு அலசல்!

ரீல்ஸில் பத்து செகண்டில் முடிகிற பூட்டும் பிடியும் நிஜத்தில் எப்படி வேலை செய்யுது? எதை முதலில் கத்துக்கணும், எதைக் கடைசியில் தொடணும்?

2021 டிசம்பர் 3, சிங்கப்பூர். ஒன் சாம்பியன்ஷிப்பின் பெண்கள் கிராண்ட் பிரிக்ஸ் இறுதிப்போட்டி. ஒரு பக்கம் ரிது போகாட். 'தங்கல்' படம் பார்த்தவர்களுக்கு அந்தக் குடும்பத்தை அறிமுகம் செய்யவே தேவையில்லை. காமன்வெல்த் மல்யுத்த சாம்பியன்ஷிப்பில் தங்கம் வாங்கியவர். எதிரில் தாய்லாந்தின் ஸ்டாம்ப் ஃபேர்டெக்ஸ். உதையும் குத்தும்தான் அவருடைய ஏரியா.

ரெண்டாவது ரவுண்டில் ரிது மேலே, ஸ்டாம்ப் கீழே. நம்ம ஊர் குஸ்தி கண்ணுக்கு ரிது ஜெயிச்ச மாதிரிதான் தெரியும். ஆனால், கீழே கிடந்த ஸ்டாம்ப் தன் கால்களால் வளைத்து, ரிதுவின் கையை இழுத்து நீட்டி, முழங்கையில் பூட்டுப் போட்டுவிட்டார். ஆட்டம் அங்கேயே முடிந்தது. கோப்பை, கீழே கிடந்தவருக்கு!

இதற்கு நாலு வருஷம் முன்பும் இதே கதைதான். 2017 நவம்பரில் ஷாங்காயில், யு.எஃப்.சி-யில் களமிறங்கிய முதல் இந்தியர் பரத் கண்டாரே. அவரும் மல்யுத்தத்திலிருந்து வந்தவர்தான். முதல் ரவுண்டிலேயே கழுத்துப் பிடியில் சிக்கித் தோற்றார்.

ரெண்டு பேருக்கும் பலம் குறைச்சலா? இல்லவே இல்லை. மல்யுத்தம் கத்துக்கொடுத்த பழக்கம் அப்படி. குஸ்தியில் ரெண்டு தோளும் தரையில் பட்டால் கதை முடிந்தது. 'மாமல்லன்' என்ற பட்டத்திலிருந்து மாமல்லபுரத்துக்கே பெயர் வைத்த ஊர் நம்முடையது. 'கீழே விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டலை'ன்னு பழமொழி வைத்திருக்கிறோம். விழுந்தால் அவமானம், மேலே இருப்பவனே ஜெயிச்சவன் என்பது நம் ரத்தத்தில் ஊறிய கணக்கு.

பிரேசிலியன் ஜூ-ஜிட்சு அந்தக் கணக்கையே மாத்திப் போட்ட விளையாட்டு. முதுகு தரையில் பட்ட பிறகுதான் அங்கே பாதி ஆட்டம் ஆரம்பிக்கிறது.

ஏன் இப்போ இந்தப் பேச்சு?

ஜூ-ஜிட்சு 2018 ஜகார்த்தாவிலேயே ஆசிய விளையாட்டுக்குள் வந்துவிட்டது. ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியா மொத்தம் 107 பதக்கங்கள் வாங்கி சாதனை படைத்தது, ஞாபகம் இருக்கா? அதில் ஜூ-ஜிட்சுவின் பங்கு பூஜ்யம். 2026 செப்டம்பர், அக்டோபரில் ஜப்பானின் ஐச்சி - நகோயாவில் நடக்கும் ஆசிய விளையாட்டிலும் ஜூ-ஜிட்சு உண்டு. கூடவே எம்.எம்.ஏ-வும் முதல்முறையாகப் பதக்கப் போட்டியாக நுழைகிறது.

இன்னொரு பக்கம், 2024 ஜூனில் பூஜா தோமர் யு.எஃப்.சி-யில் ஒரு சண்டையை ஜெயித்த முதல் இந்தியரானார். அதற்குப் பிறகு கேட்கவா வேணும்? ட்ரையாங்கிள், ஆர்ம்பார், ஸ்வீப் என்று போனைத் திறந்தாலே வந்து விழுகிறது.

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு என்று நீளும் நம்ம தோல் பெல்ட்டிலும் அதே போன்தான், அதே ரீல்ஸ்தான். உடம்பு உழைப்புக்குப் பஞ்சமில்லாத பகுதி இது. வேலூர் சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ, 2018 கோல்டு கோஸ்ட் என ரெண்டு காமன்வெல்த் போட்டிகளில் பளுதூக்கித் தங்கம் கொண்டுவந்தார். பலத்தைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் ஜூ-ஜிட்சு கேட்பது வேறொன்றை. ரீல்ஸ் அதைக் காட்டுவதே இல்லை.

'ஓப்பன் கார்டு'ன்னா என்ன?

நீங்க மல்லாந்து படுத்திருக்கீங்க. எதிராளி உங்க கால் பக்கம் நிற்கிறார், இல்லை முட்டி போட்டிருக்கிறார். உங்க ரெண்டு காலும் அவருக்கும் உங்க உடம்புக்கும் நடுவே வேலி மாதிரி நிற்கிறது. இந்த நிலைதான் 'கார்டு', அதாவது காவல். கால்களை அவர் இடுப்பைச் சுற்றிப் பின்னிப் பூட்டினால் அது குளோஸ்டு கார்டு. பின்னாமல் பாதம், முழங்கால், கொக்கி என்று தனித்தனியாகப் பயன்படுத்தினால் ஓப்பன் கார்டு.

மேலே இருப்பவருக்கு ஒரே வேலை, இந்த வேலியைத் தாண்டுவது. அதுதான் 'பாஸ்'. கீழே இருப்பவருக்கு மூணு வேலை. ஒண்ணு, தாண்ட விடாமல் தடுப்பது. ரெண்டு, அவரைக் கவிழ்த்து தான் மேலே வருவது, அதாவது 'ஸ்வீப்'. மூணு, கை மூட்டையோ கழுத்தையோ பூட்டி அவரைச் சரணடைய வைப்பது, அதாவது 'சப்மிஷன்'. அடிமுறை, குத்துவரிசையில் 'பூட்டு' போடுவார்களே, அதே சொல் இங்கே கச்சிதமாகப் பொருந்தும்.

இது எங்கிருந்து வந்தது? ஜப்பானிய ஜூடோ வீரர் மிட்சுயோ மயேடா 1914-ல் பிரேசில் போனார். அவரிடம் கற்ற கார்லோஸ் கிரேசியும், அவர் தம்பி ஹீலியோவும், குடும்பமும் தரைச் சண்டைப் பகுதியைத் தனியாக வளர்த்தெடுத்தார்கள். அது வேலை செய்யும் என்று உலகம் நம்பியது 1994 டிசம்பரில். யு.எஃப்.சி-4 இறுதிப்போட்டியில் ஹீலியோவின் மகன் ராய்ஸ் கிரேசி, சுமார் 80 கிலோ. எதிரில் மல்யுத்த வீரர் டேன் செவர்ன், கிட்டத்தட்ட 118 கிலோ. கால் மணி நேரம் ராய்ஸ் அடியிலேயே கிடந்தார். 'அவ்ளோதான்பா' என்று எல்லோரும் நினைத்தபோது, கால்களை செவர்னின் கழுத்தைச் சுற்றி முக்கோணமாகப் பூட்டினார். செவர்ன் சரணடைந்தார்.

இதில் எல்லோரும் அந்தக் கடைசி ட்ரையாங்கிளைத்தான் பேசுவார்கள். அதற்கு முன்னாடி அந்தக் கால் மணி நேரம் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதில்தான் விஷயமே இருக்கு.

ரீல்ஸ் சொல்லும் வரிசை தலைகீழ்!

ரீல்ஸில் முதலில் சப்மிஷன், அப்புறம் ஸ்வீப். தடுப்பு பற்றி யாரும் பேசுவதே இல்லை. பார்க்க போரடிக்கும், லைக் விழாது. ஆனால் போட்டியின் பாயின்ட் கணக்கைப் பாருங்க. சர்வதேச பிரேசிலியன் ஜூ-ஜிட்சு கூட்டமைப்பு விதிப்படி ஸ்வீப்புக்கு 2 பாயின்ட். கார்டைத் தாண்டினால் 3. தாண்டிய பிறகு வயிற்றின் மேல் ஏறி உட்கார்ந்தால் (மவுன்ட்) இன்னும் 4. அதாவது ஒரு தடவை வேலி உடைந்தால் 7 பாயின்ட் வரைக்கும் போகலாம். அதை ஈடுகட்ட எத்தனை ஸ்வீப் வேணும்? மூணு போட்டாலும் 6-தான். கணக்கே சொல்லிடுது, முதலில் கத்துக்க வேண்டியது தடுப்பு.

1. தடுப்பு: மூணு வாசல். முதல் வாசல் பாதம். எதிராளியின் இடுப்பிலோ தொடை மடிப்பிலோ உங்க பாதம் இருக்கும் வரை அவரால் நெருங்க முடியாது. அது போனால் ரெண்டாவது வாசல் முழங்காலும் கெண்டைக்காலின் முன்பக்க எலும்பும். குறுக்கே வைத்தால் அதுவே கட்டை. அதுவும் போனால் மூணாவது வாசல் கைகள். அவருடைய தோளிலும் கழுத்தோரத்திலும் முன்னங்கையை முட்டுக் கொடுத்து நெஞ்சோடு நெஞ்சு சேராமல் நிறுத்தணும்.

வேலியைத் தாண்டுபவர்கள் அதிகம் நம்பும் ஒரு வழி 'டோரியாண்டோ'. பெயர் காளைச் சண்டைக்காரரிடமிருந்து வந்தது. உங்க ரெண்டு முழங்காலையும் பிடித்து, துணியை வீசி மாட்டை ஒதுக்குவது போல ஒரு பக்கம் தள்ளிவிட்டு, அவர் மறுபக்கம் ஓடி வந்துவிடுவார். நம்ம பக்கம் காளை விடும் திருவிழாவில் ஓரமா நிற்கும் ஆளைப் பார்த்திருப்பீங்க. காளை நேராக வரும்போது அவர் பக்கவாட்டில் நகர்வார். இங்கே நகர்பவர் எதிராளி, நேராகப் போய் ஏமாறுவது உங்க கால்.

தப்பிக்க என்ன செய்யணும்? காலை நீட்டி விறைக்காதீங்க. நீட்டிய கால் வீசுவதற்கு வசதி. மடக்கியே வைங்க. அவர் எந்தப் பக்கம் ஓடுகிறாரோ அந்தப் பக்கம் இடுப்பைத் திருப்பி நேருக்கு நேர் வாங்க. தோளில் கையை முட்டுக் கொடுங்க. இடுப்பைப் பின்னால் நகர்த்தி, கிடைக்கும் இடைவெளியில் முழங்காலை உள்ளே நுழைங்க. இறால் சுருண்டு பின்னால் துள்ளும் பாருங்க, அதே அசைவு. பேரே 'ஷ்ரிம்ப்'தான். வெள்ளை பெல்ட் கட்டியவர் முதல் நாள் செய்வதும் அது, கறுப்பு பெல்ட்காரர் இன்னைக்கும் வார்ம்-அப்பில் செய்வதும் அது.

2. ஸ்வீப்: நாற்காலிக் கணக்கு. எதிராளி நிற்கும்போது போடும் அடிப்படை ஸ்வீப் 'ட்ரைபாட்'. உங்க இடது கை அவருடைய வலது குதிகாலைப் பிடிக்கும். இடது பாதம் அவர் இடுப்பில். வலது பாதம் அவருடைய இடது குதிகாலுக்குப் பின்னால் கொக்கி. இப்போ ரெண்டு குதிகாலையும் உங்க பக்கம் இழுத்து, இடுப்பைத் தள்ளினால் என்ன ஆகும்? காலை இழுத்துவிட்ட நாற்காலி எப்படி விழும், அப்படி! 60 கிலோ ஆள் 90 கிலோ ஆளைக் கவிழ்ப்பது இப்படித்தான். தூக்குவதே இல்லை. பின்னால் கால் எடுத்து வைத்து சமாளிக்க அவருக்கு வழியில்லாமல் செய்கிறீங்க, அவ்ளோதான்.

முட்டி போட்டிருக்கும் ஆளுக்கு 'பட்டர்ஃப்ளை'. நீங்க உட்கார்ந்து, ரெண்டு புறங்காலையும் அவர் தொடைக்கு அடியில் கொக்கியாகக் கொடுத்து, அவருடைய அக்குளுக்கு அடியில் ஒரு கையைச் செருகி, மறு கையால் அவர் தரையில் ஊன்றப் போகும் கையைப் பிடித்துவிட்டு, அந்தப் பக்கமே சரிந்து காலால் தூக்கிவிடணும். ஊன்ற கை இல்லாதவர் உருண்டுதான் ஆகணும். ஆனால் கவிழ்த்தால் மட்டும் பாயின்ட் கிடையாது. மேலே வந்து 3 செகண்ட் அவரைப் பிடித்து நிறுத்தினால்தான் 2 பாயின்ட்.

3. சப்மிஷன்: தானா வரும் பரிசு. ஸ்வீப்புக்குப் பயந்து எதிராளி தரையில் கையை ஊன்றுவார். அப்போது ஒரு கை உங்க கால்களுக்கு உள்ளே, ஒரு கை வெளியே என்று ஆகும். ட்ரையாங்கிளுக்கான கதவு அதுதான். உங்க ஒரு கால் அவர் பிடரியின் மேல், அந்தக் கணுக்கால் மறு காலின் முழங்கால் மடிப்புக்குள். ஒரு பக்கக் கழுத்தை உங்க தொடையும், மறு பக்கத்தை அவருடைய சொந்தத் தோளும் அழுத்தும். அவர் பயந்து கையை இழுத்தால் நீட்டிய கை ஆர்ம்பாருக்கு ரெடி. இப்படித் தடுப்பிலிருந்து ஸ்வீப், ஸ்வீப்பிலிருந்து பூட்டு என்று ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும். தடுப்பு இல்லாதவருக்கு அடுத்த ரெண்டும் வந்து சேர நேரமே கிடைக்காது.

உங்க வேலைக்கு எந்த கார்டு?

இது ரீல்ஸில் மட்டுமில்லை, பல ஜிம்களிலும் யாரும் கேட்காத கேள்வி. நம்ம பகுதிக்கு இதுதான் ரொம்ப முக்கியம்.

ஷூ கம்பெனியில் அப்பர் தைப்பவருக்கு விரல்தான் முதலீடு. 'ஸ்பைடர் கார்டு' என்று ஒரு வகை உண்டு. எதிராளியின் சட்டைக் கையை நாலு விரலால் இறுக்கிப் பிடித்து, அவர் முழங்கை மடிப்பில் பாதத்தை வைத்து விளையாடுவது. பார்க்க சூப்பரா இருக்கும். ஆனால் முழு பாரமும் விரல் மூட்டுகளில். வருஷக்கணக்கில் விளையாடியவர்களின் விரல்கள் வீங்கி வளைந்திருப்பதைப் பார்க்கலாம். காலையில் மெஷின் முன்னால் உட்காருபவருக்கு இது தேவையா? சட்டைப் பிடி இல்லாத 'நோ-கி' முறை, பட்டர்ஃப்ளை மாதிரி புறங்காலும் அக்குள் பிடியும் வைத்து ஆடும் கார்டு, இதெல்லாம் விரலைக் காப்பாற்றும்.

தோல் ஷாப்பில் ஈரத்தோல் தூக்கி இடுப்பு ஏற்கெனவே முனகிக்கொண்டிருப்பவர், தலைகீழாகச் சுருண்டு ஆடும் கார்டுகளைத் தள்ளி வைக்கலாம். முழங்கால் பிரச்னை உள்ளவர்கள் கால் பூட்டுகளில் அவசரம் காட்ட வேண்டாம்.

இதில் காசு கணக்கும் இருக்கு. இ.எஸ்.ஐ. இருக்கும் தொழிலாளிக்கு, பங்களிப்பு நிபந்தனைகள் சரியாக இருந்தால், உடம்பு சரியில்லாத நாள்களுக்குச் சம்பளத்தின் 70 சதவிகிதம், வருஷத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். மீதி 30 சதவிகிதம் உங்க வீட்டு பட்ஜெட்டில் விழும் ஓட்டை. பீஸ் ரேட்டில் இ.எஸ்.ஐ. இல்லாமல் வேலை பார்ப்பவருக்கு ஓட்டை மட்டும்தான் மிச்சம். 'ஒரு ரவுண்டு ஜெயிக்கணும்' என்ற வேகத்தில் உடைந்த விரல், ஒரு மாத வாடகையாக மாறும்.

'டேப்' பண்றது தோல்வி இல்லை... ஒப்பந்தம்!

பூட்டில் மாட்டினால் எதிராளியையோ தரையையோ ரெண்டு மூணு தடவை தட்டணும். அடுத்த நொடி அவர் விட்டாகணும். இந்த ஒரு ஒப்பந்தம் மேல்தான் மொத்த விளையாட்டும் நிற்கிறது.

ட்ரையாங்கிள் மாதிரியான பிடி மூச்சுக்குழாயைவிட, மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கழுத்து நாளங்களைத்தான் அழுத்துகிறது. முழுசாக விழுந்தால் பத்து செகண்டுக்குள் மயக்கம் வரலாம். 'மூச்சு வருதே, தாங்கிக்கலாம்' என்று நினைப்பவர் தட்டவே மாட்டார், நேராக மயங்கிவிடுவார். மொட்டை மாடியில் ரீல்ஸ் பார்த்து ரெண்டு நண்பர்கள் முயற்சி செய்யும்போது, எப்போ விடணும் என்று ரெண்டு பேருக்கும் தெரியாது. பயமே அங்கேதான்.

விளையாட்டே சில விஷயங்களைத் தடை செய்து வைத்திருக்கு. பக்கவாட்டில் பாய்ந்து கால்களைக் கத்தரி போலப் போட்டு வீழ்த்துவதற்குத் தடை. பூட்டிலிருந்து தப்பிக்க ஆளைத் தூக்கித் தரையில் அடித்தால் வெளியேற்றம். வெள்ளை பெல்ட்காரர் குதித்து இடுப்பைக் கவ்வி குளோஸ்டு கார்டு போடவும் தடை. சட்டை போட்டு ஆடும் போட்டியில் குதிகாலைத் திருகும் ஹீல் ஹூக் எந்த பெல்ட்டுக்கும் கிடையாது. ரீல்ஸில் அதிகம் ஓடுவதும் இதே நாலுதான், கவனிச்சீங்களா?

கழுத்து, முதுகெலும்பு அடிபட்டால் வாழ்க்கை என்னவாகும் என்பது வேலூருக்குப் புதுசு இல்லை. 1954-ல் நடந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்தார். 1966-ல் சி.எம்.சி-யின் மறுவாழ்வு மையம் பாகாயத்தில் உருவாக அவரே காரணம். அந்த ஊரில் இருந்துகொண்டு கழுத்தோடு விளையாடலாமா பாஸ்?

தெருவில் உதவுமா?

ஷூ கம்பெனிகளில் பெண்கள்தான் அதிகம். ஷிப்ட் முடிந்து இருட்டில் வீடு திரும்புபவர்களிடம் 'தற்காப்புக்கு ஜூ-ஜிட்சு' என்று விற்பது சுலபம். நேர்மையான பதில் இதுதான். யாராவது தள்ளி, மேலே ஏறி அழுத்தினால் என்ன செய்வது என்று பயிற்சி தரும் கலை இது. அந்த நிலையில் பதறாமல் இருப்பதே பெரிய பலம். ஆனால் தார் ரோட்டில், ரெண்டு மூணு பேர் இருக்கும் இடத்தில், படுத்துக்கொண்டு ட்ரையாங்கிள் தேடக் கூடாது. அங்கே கார்டின் வேலை ஒண்ணுதான். பாதத்தால் தூரம் உண்டாக்கி, ஒரு கை ஊன்றி எழுந்து, ஓடுவது. நல்ல பயிற்சியாளர் இந்த எழும் முறையை ஆரம்பத்திலேயே சொல்லித் தருவார். 'ஒரே நாள் வொர்க்‌ஷாப்பில் எவனையும் வீழ்த்தலாம்' என்பவரிடம் காசு கொடுக்காதீங்க.

பாய் எங்கே இருக்கு?

இதுதான் உண்மையான சிக்கல். ஜூ-ஜிட்சு பள்ளிகள் சென்னை, பெங்களூரு என்று பெருநகரங்களில்தான் குவிந்திருக்கின்றன. ரெண்டுக்கும் நடுவே ஹைவேயில் இருக்கும் நமக்கு, வேலை நாளில் போய் வருவது நடக்காத காரியம். அபுதாபியில் 2008-லேயே பள்ளிக்கூடங்களில் ஜூ-ஜிட்சுவைக் கொண்டுவந்துவிட்டார்கள். இன்று ஆசிய அளவில் அமீரகம் முன்வரிசையில் நிற்பது அதனால்தான்.

நமக்குக் குறுக்கு வழி ஒண்ணு இருக்கு. ஜூடோ! மயேடா பிரேசிலுக்குக் கொண்டுபோனதே அதைத்தான். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் ஜூடோவும் மல்யுத்தமும் இருந்தன. தமிழ்நாடு 38 தங்கத்தோடு ரெண்டாம் இடம் பிடித்தது. ஜூடோவுக்குப் போடும் அதே பாயில், அதே சட்டையில் தரைச் சண்டையும் கத்துக்கலாம். சத்துவாச்சாரிக்குப் பளுதூக்குதலில் பேர் வந்தது, பக்கத்திலேயே பார்பெல்லும் சொல்லிக் கொடுக்க ஆளும் இருந்ததால். ஒரு நகராட்சி ஹாலில் ஒரு ஜோடி பாய், வாரம் மூணு சாயங்காலம், தகுதியான ஒரு ஜூடோ மாஸ்டர். ஆம்பூரும் வாணியம்பாடியும் கேட்டுப் பெற வேண்டியது இவ்வளவுதான்.

அதுவரை சேரும் இடத்தில் நாலு விஷயம் பாருங்க. மாஸ்டர் யாரிடம் பெல்ட் வாங்கினார் என்று வெளிப்படையாகச் சொல்கிறாரா? முதல் வாரமே சண்டை விடாமல் தடுப்பும் டேப்பும் சொல்லித் தருகிறாரா? தட்டியதும் விடாதவரைக் கண்டிக்கிறாரா? பாயைத் தினமும் துடைக்கிறார்களா? கடைசிக் கேள்வியை லேசா எடுத்துக்காதீங்க. நம்ம வெயிலுக்கும் வியர்வைக்கும் படர்தாமரை ஒருத்தரிடமிருந்து வகுப்பு முழுக்கப் பரவும். நகத்தை வெட்டுங்க, முடிந்ததும் உடனே குளிங்க.

இங்கே வெள்ளையிலிருந்து அடுத்த நீல பெல்ட்டுக்குப் போகவே பொதுவா ஒண்ணு, ரெண்டு வருஷம் ஆகும். அந்த நாள்களில் பெரும்பாலும் நீங்க கீழேதான் கிடப்பீங்க. வேலி உடையும், திரும்பக் கட்டுவீங்க. மறுபடி உடையும், மறுபடி கட்டுவீங்க. ஒரு நாள் எதிராளி தாண்ட முடியாமல் மூச்சு வாங்கி நிற்பார். ட்ரையாங்கிள் வீடியோவை அன்றைக்குப் பாருங்க. அப்போதான் அது புரியும்.